ரப்பர் விழுங்கிய பதினேழாம் நம்பர்

கடிகாரக்காரர் வீட்டு நாய்க்கு ரப்பர் என்று பெயர் வந்ததற்குப் பெரிய காரணமெல்லாம் கிடையாது. குட்டியாக வீட்டுக்குள் காலெடுத்து வைத்த முதல் நாளே அது அவருடைய மகளின் பென்சில் டப்பாவிலிருந்து ரப்பரை எடுத்து விழுங்கிவிட்டது. மறுநாள் ரப்பர் முழுசாக வெளியே வந்தது. அதற்குப் பிறகு ஒரு காலுறை, இரண்டு சட்டைப் பொத்தான், ஒரு பாட்டில் மூடி, மாமனாரின் மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணி என்று பலவற்றை உள்ளே தள்ளி, எல்லாவற்றையும் ஓரிரு நாளில் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. வீட்டில் ஏதாவது காணாமல் போனால் முதலில் நாயைப் பார்ப்பார்கள், அப்புறம்தான் அலமாரியைப் பார்ப்பார்கள்.

அன்று காலை ஒன்பது பத்துக்கு நடந்தது அந்த வகையில் சேராது. கடிகாரக்காரர் தம் கடையில் உட்கார்ந்து யாருடைய கார் சாவிக்கோ பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். பழைய பேட்டரி, காசு அளவில் வட்டமாக, இடுக்கியிலிருந்து நழுவியது. அவருக்குக் காது அபாரம். தரையில் விழும் சத்தத்தை வைத்தே எந்தக் கடிகாரத்தின் திருகாணி என்று சொல்லிவிடுவார். அன்று சத்தமே வரவில்லை. குனிந்து பார்த்தார். மேசைக்கு அடியில் ரப்பர் உட்கார்ந்து, இன்னொன்று வருமா என்று அவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

தெருமுனை நாய் டாக்டருக்குப் போன் போட்டார். "வாந்தி எடுக்க வைக்கறேன்னு எதையாவது ஊத்திடாதீங்க," என்றார் அவர். "அது சாதாரண காசு இல்ல. உள்ள இருந்தா குடலை அரிச்சு ஓட்டை போட்டுடும். என்கிட்ட அதை எடுக்கற கருவி இல்ல. நம்ம ஊர்லயே பெரிய ஆஸ்பத்திரியில மட்டும்தான் கேமரா வெச்ச குழாய் இருக்கு. அதே ரகப் பேட்டரி ஒண்ணைக் கையோட எடுத்துக்குங்க. மதியத்துக்குள்ள வெளிய வந்தாகணும். நின்னு பேசாதீங்க, ஓடுங்க."

கடிகாரக்காரர் ஓடினார். ஒன்பது முப்பத்தைந்துக்கு, ஒன்பது கிலோ நாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நகரப் பிராணிகள் மருத்துவமனையின் விழுங்கல் பிரிவுக்குள் மூச்சு வாங்க நுழைந்தார். இப்படி ஒரு தனிப் பிரிவே இருப்பதைப் பார்த்ததும் அவருக்குப் பாதி உயிர் வந்தது.

நீளமான கூடம். இரண்டு பக்கமும் பெஞ்சுகள். பெஞ்சு நிறைய நாய்களும் பூனைகளும் அவற்றைப் பெற்றவர்கள் மாதிரி முகம் வாடிய மனிதர்களும். கோடியில் ஒரு மேசை, அதன் பின்னால் பிரிவுக் கண்காணிப்பாளர். பக்கத்தில் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் டோக்கன் எழுத்தர். சுவரில் பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்புப் பலகை: 'நாய் எதையாவது விழுங்கிவிட்டால் என்ன செய்ய வேண்டும்? 1. பதற வேண்டாம்.' அதற்குக் கீழே இருந்தவற்றை ஓர் இரும்பு பீரோ மறைத்துக்கொண்டிருந்தது. பீரோ வேறொரு பிரிவுக்குச் சொந்தமானது என்பதால் அதை நகர்த்த முடியாதாம். ஆகவே மருத்துவமனை மக்களுக்குச் சொல்லிவந்த ஒரே ஆலோசனை, பதற வேண்டாம் என்பதுதான்.

"சார், என் நாய் பேட்டரியை முழுங்கிடுச்சு," என்றார் கடிகாரக்காரர்.

கண்காணிப்பாளர் ஒரு படிவத்தை எடுத்து, ஓரங்களைத் தட்டிச் சரிசெய்து, மேசைக்கு நேராக வைத்துக்கொண்டார். "எத்தனை மணிக்கு?"

"ஒன்பது பத்துக்கு."

கண்காணிப்பாளர் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பேனாவை மூடிவைத்தார். "மணி இப்போ எட்டு இருபது. ஒன்பது பத்துக்கு இன்னும் அம்பது நிமிஷம் இருக்கு. நாய் முழுங்கினதுக்கு அப்புறம் வாங்க."

"சார், அந்தக் கடிகாரம் நின்னு போயிருக்கு."

"அது ஆபீஸ் கடிகாரம். நிக்கறதும் ஓடறதும் நாங்க முடிவு பண்ற விஷயம். நடக்கப் போறதை முன்கூட்டியே பதிஞ்சா அது பொய்ப் பதிவு ஆயிடும்."

தொழில்காரனால் எதைப் பொறுத்துக்கொண்டாலும் நின்ற கடிகாரத்தைப் பொறுத்துக்கொள்ள முடியாது. கடிகாரக்காரர் நாயைப் பெஞ்சில் இறக்கினார். அங்கிருந்த ஓர் அம்மாள், மடியில் கூடையும் கூடையில் முயலும் வைத்திருந்தவர், "நான் புடிச்சுக்கறேன், நீங்க போங்க தம்பி," என்று கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டார். கடிகாரக்காரர் நாற்காலி மேல் ஏறிக் கடிகாரத்தைக் கழற்றினார். பேட்டரி முனையில் துரு. நகத்தால் சுரண்டி, பேட்டரியைத் திரும்பப் போட்டு, தம் கைக்கடிகாரத்தைப் பார்த்து முள்ளைத் திருப்பினார். கடிகாரம் டிக்கென்று உயிர்பெற்றது. மணி ஒன்பது ஐம்பத்தெட்டு.

கூடத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். கண்காணிப்பாளரும் மறுப்புச் சொல்லாமல் பேனாவைத் திறந்து, நேரத்தை எழுதி, பெயரை எழுதி, நிறத்தை எழுதினார். வாலின் நீளம் எவ்வளவு என்று அவர் கேட்டபோது முள் பத்தைத் தொட்டது. உடனே எழுந்துவிட்டார்.

"டீ டைம்," என்றார்.

அந்தக் கடிகாரம் நின்று எட்டு மாதம் ஆகியிருந்தது. எட்டு மாதமாக அந்தக் கூடத்தில் பத்து மணியே ஆகவில்லை, ஆகவே முறைப்படி தேநீர் இடைவேளையும் விடவில்லை. ஊழியர்கள் ஒவ்வொருவராகக் கடிகாரக்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். விட்டுப்போன இடைவேளைகளையும் கொஞ்சம் சேர்த்துக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது மணி பத்து முப்பத்தைந்து. தம் தலையில் தாமே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது கடிகாரக்காரருக்கு அப்போது நன்றாகவே புரிந்தது. ரப்பர் வழக்கம்போல் வாலை ஆட்டாமல் சுருண்டு படுத்திருந்தது.

"ஏழாவது கட்டம்," என்றார் கண்காணிப்பாளர், மீசையைத் துடைத்துக்கொண்டு. "விழுங்கிய பொருளை இங்கே இணைக்கவும்."

கடிகாரக்காரர் தயாராக இருந்தார். சட்டைப் பையிலிருந்து புதுப் பேட்டரியை எடுத்து வைத்தார்.

கண்காணிப்பாளர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இதையா நாய் முழுங்கிச்சு?"

"இல்ல சார், இதே ரகம்."

"இதை முழுங்கலையே. இது வெளிய இருக்குதே. முழுங்கினது எங்க?"

"நாய் வயித்துல."

"அதைக் கொண்டு வாங்க."

"அதை எடுக்கத்தானே சார் இங்க வந்திருக்கேன்!"

"எடுக்கறது மேல் மாடியில டாக்டர். இங்க நாங்க பார்க்கறது, எடுக்க வேண்டிய பொருள் இன்னதுதானான்னு. ஒருத்தர் வந்து நாய் ஆணியை முழுங்கிடுச்சும்பாரு. உள்ள போய்ப் பார்த்தா திருகாணியா இருக்கும். அப்புறம் பொறுப்பு யாரோடது? அதனால பொருளை முதல்ல எடுத்து, கழுவி, காயவெச்சு, இங்க இணைச்சுடுங்க. மேல அனுப்பி அதை வெளிய எடுக்க ஏற்பாடு பண்ணித் தரோம்."

சொன்னவர் முகத்தில் கேலியோ கோபமோ துளியும் இல்லை. உதவி செய்யும் நிறைவுதான் இருந்தது. அப்போது கடிகாரக்காரரின் போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, என்ன சொல்றாங்க?"

"முழுங்கினதைக் கொண்டு வந்தாத்தான் முழுங்கினதை எடுப்பாங்களாம்."

"நீங்க போயிருக்கறது ஆஸ்பத்திரிதானே?" என்று கேட்டாள். "பள்ளிக்கூடத்துலேருந்து வந்தா நம்ம பொண்ணு முதல்ல ரப்பர் எங்கன்னுதான் கேப்பா. நான் என்ன சொல்லட்டும்?"

அவர் போனை வைத்துவிட்டு மேசை மேல் குனிந்து, "சார், மதியம் தாண்டினா என் நாய் செத்துடும்," என்றார்.

"அப்படி எல்லாம் பேசக் கூடாது," என்று கண்காணிப்பாளர் எழுந்தே நின்றார். கூடம் முழுக்கக் கேட்கும்படி குரலை உயர்த்தினார். "இந்தப் பிரிவு ஆரம்பிச்சு ஒன்பது வருஷம் ஆகுது. படிவத்தை முழுசா நிரப்பின ஒரு நாய்கூட இதுவரைக்கும் செத்ததில்ல. ஒண்ணுகூட! எந்த ஆஸ்பத்திரியாவது இப்படி மார்தட்டிச் சொல்ல முடியுமா?"

"எத்தனை நாய் முழுசா நிரப்பியிருக்கு, சார்?" என்று முயல்காரம்மா கேட்டார்.

"இன்னும் யாரும் நிரப்பல," என்றார் கண்காணிப்பாளர். "மக்கள்கிட்ட ஒத்துழைப்பு இல்ல. ஏழாவது கட்டத்துக்கு வந்ததும் சோர்ந்து போயிடறாங்க. ஆனா நாங்க சோர்ந்து போகலை. போன வருஷம் ஏழாவது கட்டத்தை இன்னும் கொஞ்சம் பெருசாக்கிக் குடுத்தோம்."

பெரிய மனசு பண்ணி, படிவம் நிரம்பாதவர்களும் காத்திருப்பதற்கு டோக்கன் வாங்கலாம் என்றார். கடிகாரக்காரர் கம்பி ஜன்னலுக்குப் போனார். எழுத்தர் ஆணியில் தொங்கிய பித்தளை டோக்கன்களில் ஒன்றை எடுத்தார். காசைவிடக் கொஞ்சம் பெரிசு, நடுவில் ஒரு துளை, துளைக்கு மேலே 17 என்ற எண். கடிகாரக்காரர் கையை நீட்டினார். எழுத்தர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"நோயாளிகிட்டதான் குடுக்கணும். கூட வர்றவங்ககிட்ட குடுத்தா மாத்திக்கறாங்க, வித்துடறாங்க. போன மாசம் ஒருத்தர் பூனை டோக்கன்ல ஆட்டைக் காட்டப் பார்த்தார். அதனால புது விதி. நோயாளி நேர்ல வந்து வாங்கிக்கணும்."

"நாய் எப்படிங்க வாங்கும்?"

"எல்லா நாயும் வாங்குதே. கழுத்துப்பட்டையில சொருகிவிட்டுடுவோம். தூக்கிக் காட்டுங்க."

கடிகாரக்காரர் ரப்பரை ஜன்னல் உயரத்துக்குத் தூக்கிக் காட்டினார். எழுத்தர் டோக்கனை இரண்டு விரலில் பிடித்துக் கழுத்துப்பட்டையை நோக்கி நீட்டினார். இடையில் ரப்பரின் வாய் இருந்தது. காலையிலிருந்து சோர்ந்து கிடந்த நாய், தனக்கு முதன்முதலாக ஒருவர் மரியாதையாக எதையோ கொடுக்கிறார் என்று தெரிந்ததும் வாலை ஒரு முறை ஆட்டி, டோக்கனை வாங்கி விழுங்கிவிட்டது.

எழுத்தர் விரல்களை எண்ணிப் பார்த்தார். பத்தும் இருந்தன. பிறகு பதிவேட்டில், 'எண் 17, நோயாளியிடம் ஒப்படைக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். விதிப்படி பார்த்தால் ஒரு குறையும் இல்லை.

குறை அடுத்த நிமிடம் தெரிந்தது. பதினாறாம் நம்பர் பூனை, ஏழாவது கட்டத்தில் சோர்ந்துபோய் வீட்டுக்குக் கிளம்பியது. எழுத்தர் பதினேழு என்று கூப்பிட்டார். கடிகாரக்காரர் நாயோடு வந்து நின்றார். "டோக்கனைக் குடுங்க," என்றார் எழுத்தர். டோக்கன் திரும்பி வந்து ஆணியில் தொங்கினால்தான் பதினேழைக் கவனிக்கலாம். பதினேழைக் கவனித்த பிறகுதான் பதினெட்டைக் கூப்பிடலாம். பதினெட்டு, அவருக்கு அடுத்ததாக அன்றைய டோக்கன் வாங்கிய முயல்காரம்மா. மூன்று நாளாக வருகிறவர். முயலுக்குக் காதில் சீழ். விழுங்கல் பிரிவில் மட்டும்தான் வரிசை நகர்கிறது என்று யாரோ சொன்னதை நம்பி இங்கே வந்து உட்கார்ந்திருந்தார். இப்போது அதுவும் நகரவில்லை.

"ஒரு டோக்கன் குறையுது," என்று எழுத்தர் பண்டகசாலைக்குப் போனில் சொன்னார். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

மாடிப்படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. பண்டகசாலைக் காப்பாளர் ஓடி வந்தார். அவர் ஓடி அந்த மருத்துவமனையில் யாரும் பார்த்ததில்லை. தீப்பிடித்த அன்றுகூட, எரியும் பொருட்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நடந்துதான் வந்தாராம். ஆனால் நாளைக்கு இருப்புச் சோதனை. மொத்தம் நாற்பது டோக்கன். அவருக்கு முன்னால் இருந்த காப்பாளர் ஒரு வாளி குறைந்ததற்காக மாற்றலாகிப் போனவர், இன்னும் திரும்பவில்லை.

"முழுங்கிடுச்சுங்கறது வாய்வார்த்தை," என்றார் காப்பாளர், வேர்த்து வழிய. "முதல்ல அறையைத் தேடுங்க. பெஞ்சைத் தூக்குங்க. அந்த பீரோவை நகர்த்துங்க!"

"பீரோ வேற பிரிவோடது," என்றார் கண்காணிப்பாளர்.

"டோக்கன் என்னோடது!" என்று காப்பாளர் போட்ட கூச்சலில் நாலு பேர் சேர்ந்து பீரோவைத் தள்ளினார்கள். அடியில் டோக்கன் இல்லை. ஆனால் ஒன்பது வருடமாக மறைந்திருந்த அறிவிப்பின் மீதி வெளியே வந்தது. கூடமே எழுந்து நின்று படித்தது. '2. உடனே டாக்டரிடம் காட்டவும்.' அவ்வளவுதான். மூன்றாவது என்று ஒன்றே இல்லை.

கண்காணிப்பாளர் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "யாரு இப்படிப் பொறுப்பில்லாம எழுதினது?"

"நீங்கதான் சார்," என்றார் எழுத்தர். "சேர்ந்த புதுசுல."

கடிகாரக்காரருக்கு இதில் எதுவும் மனதில் ஏறவில்லை. மணி பதினொன்று ஐந்து. ரப்பரின் வாயோரம் எச்சில் ஒழுகத் தொடங்கியிருந்தது. கையைப் போட்டால் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டது. அவர் காப்பாளரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, டோக்கன் இதுக்குள்ளதான் இருக்கு. நான் கண்ணால பார்த்தேன். நீங்க மேல கொண்டு போனா டாக்டர் எடுத்துடுவாங்க. உங்க டோக்கன் உங்களுக்குக் கிடைச்சுடும்."

காப்பாளர் நாயை முதன்முறையாக ஏறிட்டுப் பார்த்தார். அவருக்கு அது நாயாகத் தெரியவில்லை. கக்கத்திலிருந்த இருப்புப் பதிவேட்டைத் திறந்து, நின்றபடியே எழுதினார். எழுதியதைச் சத்தமாகப் படித்தார். "கொள்கலன், ஒன்று. நிறம் பழுப்பு. கால் நான்கு. மூடி, வாய். உள்ளே உள்ள பொருள், பித்தளை டோக்கன், எண் பதினேழு." ஒரு சீட்டில் எண்ணை எழுதிப் பசை தடவி ரப்பரின் முதுகில் ஒட்டினார். "தூக்குங்க மேல!"

"நில்லுங்க," என்றார் கண்காணிப்பாளர். "படிவம் நிரம்பாத நோயாளி படியேறக் கூடாது."

"இது நோயாளி இல்ல சார். பண்டம். பண்டத்தை எந்த மாடிக்கு வேணும்னாலும் கொண்டு போக எனக்கு அதிகாரம் இருக்கு."

"அப்போ இவர்?"

காப்பாளர் கடிகாரக்காரரை மேலும் கீழும் பார்த்தார். "சுமை தூக்கறவர்," என்றார்.

சுமை தூக்குகிறவர் மூன்று மூன்று படியாகத் தாவினார். முதுகில் சீட்டோடு ரப்பர் அவர் தோளில் குலுங்கியது. ஒன்றரை மணி நேரமாகத் தம் செல்லத்துக்காகக் கெஞ்சியும் திறக்காத கதவு ஒரு பித்தளைத் துண்டுக்காகத் திறந்துவிட்டது. அவருக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரப்பட நேரமில்லை என்பதால் நன்றியும் வந்தது.

மாடியில் விசாலமான, சுத்தமான அறை. நடுவில் பிளாஸ்டிக் உறை போட்ட பெரிய கருவி. ஜன்னலோரம் ஓர் இளம்பெண் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலியில் பின்னி முடித்த பதினோரு ஸ்வெட்டர்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. நாயைப் பார்த்ததும் ஊசியைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"நாயா? நிஜமாவா? எனக்கா?" என்றாள். "நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம் ஆச்சு. கீழேருந்து ஒரு பூனைகூட மேல வந்ததில்ல. இந்த ஊர்ல மிருகங்களுக்கு நோயே வராதோன்னு நினைச்சுட்டிருந்தேன்." பேசிக்கொண்டே கையைக் கழுவி, உறையை உருவி எறிந்தாள். "என்ன முழுங்கிச்சு, எப்போ, எத்தனை கிலோ?"

அன்று முழுவதும் யாரும் நாய்க்காகக் கேட்காத மூன்று கேள்விகள். கடிகாரக்காரர் மூன்றுக்கும் பதில் சொல்லி, புதுப் பேட்டரியையும் எடுத்துக் காட்டினார். "இதே ரகமா? நல்ல வேளை கொண்டு வந்தீங்க," என்றாள் டாக்டர். இரண்டு நிமிடத்தில் எக்ஸ்ரே திரையில் இரண்டு வட்டங்கள் தெரிந்தன. ஒன்றின் நடுவில் துளை.

"ஓட்டை போட்டது நம்மது!" என்று காப்பாளர் திரையைத் தொட்டுக் காட்டினார். "அதை மட்டும் எடுங்க டாக்டர். இன்னொண்ணு நம்ம பதிவுல இல்ல."

"இன்னொண்ணு வழியை மறைச்சுட்டு நிக்குது சார். அதை எடுக்காம உங்களோடது வராது," என்றாள் டாக்டர். கடிகாரக்காரர் திரையைப் பார்த்தார். இரண்டு வட்டங்களும் ஒன்றையொன்று தொடக்கூட இல்லை. டாக்டர் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

மயக்க ஊசி போட்டாள். குழாய் உள்ளே போனது. கடிகாரக்காரர் ரப்பரின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, சுவர்க் கடிகாரம் இல்லாத அந்த அறையில் தம் கைக்கடிகாரத்தின் டிக் டிக்கை எண்ணிக்கொண்டு நின்றார். ஆயிரத்து நூற்றுச் சொச்சம் எண்ணியபோது தட்டில் 'டிங்' என்று ஒரு சத்தம். பார்க்காமலே தெரிந்தது, பேட்டரி. அதற்குப் பிறகு கனமாக இன்னொரு சத்தம். டோக்கன்.

"உள்ள லேசாக் கறுத்திருக்கு, அவ்வளவுதான். மருந்து தரேன், ஒரு வாரத்துல ஆறிடும்," என்றாள் டாக்டர். "இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா நான் ஸ்வெட்டரைத்தான் போட்டுப் போத்தியிருக்கணும்."

கடிகாரக்காரருக்கு அழுகை வந்தது. அழுதார். காப்பாளரும் டோக்கனைத் துடைத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கண்கலங்கினார். பிறகு தட்டில் கிடந்த பேட்டரி அவர் கண்ணில் பட்டது. முகம் மாறியது.

"இது வரவுல இல்லாத பொருள் ஆச்சே. கொள்கலனுக்குள்ள ஒரு டோக்கன்னுதான் எழுதியிருக்கேன். ரெண்டு பொருள் வெளிய வந்தா நான் நாளைக்கு என்ன பதில் சொல்வேன்? இதை இருந்த இடத்துலயே திரும்ப வெச்சுடுங்க டாக்டர்."

டாக்டர் அவரை ஒரு கணம் பார்த்தாள். பேட்டரியைப் பஞ்சில் சுற்றிக் கடிகாரக்காரர் சட்டைப் பையில் போட்டாள். "வெச்சுட்டேன்," என்றாள். காப்பாளர் திருப்தியாகப் பதிவேட்டில் கொள்கலனை நீக்கி, ரப்பரின் முதுகிலிருந்து சீட்டைப் பிய்த்து எடுத்துக்கொண்டார். சீட்டோடு கொஞ்சம் முடியும் போனது.

கடிகாரக்காரர் மனைவிக்குப் போன் செய்தார். "எடுத்தாச்சு," என்றார். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அரை மயக்கத்தில் தலையைத் தூக்க ஆரம்பித்த நாயைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் கீழே இறங்கினார். நேரே வாசலுக்குப் போயிருக்கலாம். ஆனால் பித்தளை டோக்கன் ஆணியில் ஏறிய சத்தத்தோடு, "பதினேழு!" என்று எழுத்தர் கூப்பிட்டார். இவர் போகாவிட்டால் பதினெட்டு போக முடியாது. முயல்காரம்மா கூடையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்தார். கடிகாரக்காரர் மேசைக்குப் போய் நின்றார்.

"ஏழாவது கட்டம்," என்றார் கண்காணிப்பாளர்.

கடிகாரக்காரர் சட்டைப் பையிலிருந்து பஞ்சைப் பிரித்துப் பேட்டரியை வைத்தார். பல் தடம் பதிந்து, ஓரம் கறுத்திருந்தது.

"இதேதானா?"

"இதேதான்."

கண்காணிப்பாளர் பேட்டரியைப் பிளாஸ்டிக் டேப்பால் ஏழாவது கட்டத்தில் ஒட்டினார். ஒட்டிவிட்டுப் படிவத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. அவர் எழுந்து கடிகாரக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஒன்பது வருஷம்!" என்றார். "முதல் முழுப் படிவம்! எழுத்தரே, எல்லாரையும் கூப்பிடுங்க! போட்டோ எடுக்கணும், கண்ணாடி போட்டு மாட்டணும்! ஐயா, இனி கவலைப்படாதீங்க. பேட்டரியை வெளிய எடுக்க அனுமதி தந்தாச்சு. வர்ற வியாழக்கிழமை காலையில வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க."

கடிகாரக்காரர் படிவத்தைப் பார்த்தார். அதில் ஒட்டியிருந்த பேட்டரியைப் பார்த்தார். பேட்டரியை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. "சார், அதை நாய்க்குப் பக்கத்துல வைக்காதீங்க," என்று டேப்பை மெல்ல உரித்து, பேட்டரியைப் பிடுங்கித் தம் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார்.

அது நல்ல காரியமாகப் போயிற்று. ஏனென்றால் கண்காணிப்பாளர், "ஐயோ, ஏழாவது கட்டம்!" என்று படிவத்தைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் ஓடி வந்தார். படிவம் தோளில் கிடந்த ரப்பரின் மூக்குக்கு நேராக வந்தது. காலையிலிருந்து வெறும் வயிறு. மயக்கம் பாதிதான் தெளிந்திருந்தாலும் வாய் முழுசாகத் தெளிந்திருந்தது. இரண்டே கடி. ஒன்பது வருட உழைப்பின் முதல் முழுப் படிவம் உள்ளே போய்விட்டது.

கண்காணிப்பாளர் நின்ற இடத்திலேயே ஆடிப்போனார். "முழுங்கிடுச்சே! என் படிவத்தை முழுங்கிடுச்சே! இப்போ நான் என்ன பண்ணுவேன்? எங்க போவேன்?"

"பதறாதீங்க சார்," என்றார் கடிகாரக்காரர். அவருக்கு அந்தச் சமயத்தில் சுவரில் இருந்த முதல் வரிதான் நினைவுக்கு வந்தது. "காகிதம்தானே. நாளைக்கு வந்துடும். இவன் வாங்கினதைத் திருப்பிக் குடுக்காம இருந்ததில்ல."

ஆனால் கண்காணிப்பாளர் காதில் அது விழவில்லை. கம்பி ஜன்னலுக்கு ஓடினார். எழுத்தர் அவரை நிமிர்ந்து பார்த்தார், புதுப் படிவம் ஒன்றை எடுத்தார், ஓரங்களைத் தட்டிச் சரிசெய்தார்.

"முழுங்கின அந்தப் படிவத்தை ஏழாவது கட்டத்துல இணைச்சுக் கொண்டு வாங்க சார்," என்றார். "டோக்கன் வேணும்னா நோயாளியைக் கூட்டிட்டு வாங்க."

கடிகாரக்காரர் வாசலை நோக்கி நடந்தார். முயல்காரம்மா அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தி, "தம்பி, மூணு நாளா நான் இங்க தவம் கிடக்கறேன். நீங்க ரெண்டே மணி நேரத்துல மேல போய்ட்டு வந்துட்டீங்க. எப்படி?" என்று காதோடு காதாகக் கேட்டார். அவர் குனிந்து இரண்டு வார்த்தை சொன்னார். அந்த அம்மாள் தம் முயலைப் பார்த்தார். கூடையின் கைப்பிடியில் கட்டியிருந்த பதினெட்டாம் நம்பர் டோக்கனைப் பார்த்தார். அதை அவிழ்த்துக் கைப்பையின் அடியில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.

கடிகாரக்காரர் தெருவில் இறங்கியபோது உள்ளேயிருந்து அந்த அம்மாளின் குரல் கணீரென்று கேட்டது. "ஐயையோ, ஸ்டோர்காரரே! என் முயலு உங்க டோக்கனை முழுங்கிடுச்சே!" அதைத் தொடர்ந்து, "என் பூனையும்!" "எங்க நாயும்!" என்று பெஞ்சு பெஞ்சாகக் குரல்கள் எழுந்தன. மாடிப்படியில் காப்பாளர் ஓடி வரும் சத்தமும், அதற்கும் மேலே ஒரு கருவியின் உறையை உருவும் சத்தமும் கேட்டன.